ஓசி டார்ச்சுக்கு ரிவ்யூ எழுதுவது எப்படி

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ரிவ்யூ எழுதுகிறவருக்கு வேலையே பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான். டார்ச், பவர்பேங்க், கூடாரம், பேனா, லென்ஸ் என்று எதைப் பற்றிப் பொழுதுபோக்காக எழுதினாலும், கொஞ்சம் வாசகர் சேர்ந்ததும் கம்பெனிகளிடமிருந்து மெயில் வரத் தொடங்கும். வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் "இது இலவசமாக வந்தது, கருத்துகள் முழுக்க என்னுடையவை" என்று ஒரு வரி போட்டால் கணக்கு தீர்ந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அந்த வரியின் முதல் பாதி கட்டாயம் வேண்டும். இரண்டாம் பாதியை எல்லோரும்தான் எழுதுகிறார்கள், விலைபோனவர்கள் உட்பட. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அளவீட்டைப் போடுங்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் பார்சல் வருவதற்கு முன்பே. மெயிலுக்கு ஒப்புக்கொள்ளும்போது நாலு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். பொருளைத் திருப்பித் தர வேண்டுமா, நீங்களே வைத்துக்கொள்ளலாமா? வெளியிடும் முன் அவர்களுக்குக் காட்ட வேண்டுமா? எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும்? குறிப்பிட்ட வாசகங்களோ லிங்க்கோ போட்டே ஆக வேண்டுமா? "தகவல் சரிபார்க்க மட்டும் ஒருமுறை காட்டுங்கள்" என்பதுதான் இதில் வழுக்குகிற இடம். முதலில் எடை எத்தனை கிராம் என்று திருத்துவார்கள். அடுத்து "இந்தப் பத்தியைக் கொஞ்சம் மென்மையாக்க முடியுமா" என்று வரும். பதிலாக இப்படி எழுதலாம்: "வெளியிடும் முன் காட்டுவதில்லை. வெளியான பிறகு தகவல் பிழை சொன்னால், திருத்தம் என்று குறித்து மாற்றுவேன். பிடிக்காவிட்டாலும் எழுதுவேன்." இதற்குப் பிறகும் அனுப்புகிறவர்களிடம் மட்டும் வாங்குங்கள். பாதிப் பேர் இந்த மெயிலோடு காணாமல் போவார்கள். அந்த வடிகட்டல் நல்லதுதான்.

தேதி விஷயத்தையும் லேசாக விடக்கூடாது. இரண்டு வாரத்துக்குள் எழுதச் சொன்னால், மழைக்கோட்டின் மேல்பூச்சு நாலைந்து துவைப்புக்குப் பிறகு தண்ணீரை உதறுகிறதா, உறிஞ்சுகிறதா என்று யாருக்கும் தெரியாது. புதுக்கோட்டில் எல்லாத் தண்ணீரும் முத்து முத்தாகத்தான் உருளும்.

இலவசமாக வந்தது என்ற அறிவிப்பை எங்கே போடுவது என்பதில் குழப்பமே வேண்டாம்: தலைப்புக்குக் கீழே, முதல் லிங்க்குக்கு மேலே, "மேலும் படிக்க" என்ற வெட்டுக்கு முன்னால். கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் போடுவது போடாததற்குச் சமம். அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி 2009ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோதே இலவசப் பொருள் வாங்கும் பிளாகர்களையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டது. இந்தியாவில் 2023 ஜனவரியில் வந்த அரசு வழிகாட்டுதலும் காசை மட்டும் சொல்லவில்லை. இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி எல்லாம் கணக்கில் வரும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக்கூடாது, விளம்பரம் எந்த மொழியிலோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. தமிழில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு ஓரத்தில் "கொலாப்" என்று ஒரு டேக் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாசகத்தில் யார் கொடுத்தார்கள், என்ன கொடுத்தார்கள், யாரிடம் இருக்கிறது, லிங்க்கில் கமிஷன் உண்டா என்ற நாலும் இருந்தால் போதும். "இந்த டார்ச்சையும் பேட்டரியையும் தயாரித்த கம்பெனி இலவசமாக அனுப்பியது. நானே வைத்துக்கொள்கிறேன். கட்டுரையை அவர்கள் முன்கூட்டிப் பார்க்கவில்லை. கீழே உள்ள லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்." அவ்வளவுதான். லிங்க்கின் நிரலில் கூகுள் 2019ல் கொண்டுவந்த 'ஸ்பான்ஸர்ட்' குறியீட்டையும் சேர்த்துவிடுங்கள். அது தேடுபொறிக்குச் சொல்வது, வாசகருக்குச் சொல்வது அல்ல என்பதால் மேலே சொன்ன வாசகத்துக்கு மாற்றாகாது.

இனி சோதனை. பெட்டியில் அச்சடித்ததையே வரிசை மாற்றி எழுதுவதுதான் ஓசி ரிவ்யூவின் பெரிய நோய். அதில் பொய் ஒன்றும் இருக்காது, உண்மையும் இருக்காது. டார்ச்சையே எடுத்துக்கொள்வோம். பெட்டியில் "1000 லூமென், 3 மணி நேரம்" என்று இருக்கும். லூமென் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. டார்ச்சுகளை அளப்பதற்கான எஃப்எல்1 தரப்படி லூமெனை, விளக்கை எரியவிட்ட 30 முதல் 120 வினாடிக்குள் அளப்பார்கள். எரியும் நேரத்தையோ, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 சதவீதத்துக்கு இறங்கும்வரை கணக்கிடுவார்கள். அதாவது மூன்று நிமிடம் 1000 எரிந்து, சூடு தாங்காமல் 300க்கு இறங்கி, அங்கேயே மீதி நேரத்தை ஓட்டினாலும் பெட்டியில் இருப்பது அந்தத் தரப்படி சரி. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது அந்த மூன்றாவது நிமிடம்தான்.

அதைக் காட்டப் பெரிய கருவி வேண்டாம், ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் ஒரு சாதாரண லக்ஸ் மீட்டர் போதும். ஜன்னல் இல்லாத சிறு அறையில் டார்ச்சைக் கூரை பார்த்து நிறுத்துங்கள். மீட்டரைத் தரையில் வைத்து, நேர்வெளிச்சம் படாதபடி மறையுங்கள். மீட்டரின் திரையைப் போன் கேமராவில் டைம்லாப்ஸ் எடுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்கு 10 வினாடிக்கு ஒரு முறை, பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை குறித்தால், வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்ற வரைகோடு கிடைத்துவிடும். மின்விசிறி ஓடியதா என்று மறக்காமல் எழுதுங்கள். காற்று பட்டால் டார்ச் குளிர்ந்து, இறங்கும் நேரம் தள்ளிப்போகும். எந்த பேட்டரி, எவ்வளவு சார்ஜ் என்பதும் வேண்டும்.

தூரத்துக்கு: 5 மீட்டர் தள்ளி, ஒளிவட்டத்தின் நடுவில் லக்ஸ் அளந்து 25ஆல் (5ன் வர்க்கம்) பெருக்கினால் கேண்டலா, அதாவது ஒளிக்கற்றையின் செறிவு. 400 லக்ஸ் என்றால் 10,000 கேண்டலா. அதன் வர்க்கமூலத்தை இரட்டித்தால் 200 மீட்டர். பெட்டியில் போடும் தூரமும் இந்தக் கணக்குத்தான். ஆனால் அந்தத் தூரத்தில் விழுவது கால் லக்ஸ், கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம். அங்கே நிற்பது ஆடா ஆளா என்று தெரியாது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே வாசகர் திரும்பி வருவார்.

அளக்காமல் திட்டுவதும் நேர்மைக் கணக்கில் சேராது. ஓசியில் வாங்கியும் வளைந்து கொடுக்கவில்லை என்று காட்டுவதற்காகவே குறை தேடுகிறவர்கள் உண்டு. 10,000 எம்ஏஎச் பவர்பேங்க்கில் 6,500தான் வந்தது, ஏமாற்று என்று எழுதுவார்கள். அந்த 10,000 உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு, மொத்த ஆற்றல் 37 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு மாற்றினால் 7,400, அதில் மாற்றும்போது போகிற நஷ்டம் வேறு. 6,500 என்பது நல்ல பவர்பேங்க். பெரிய எண்ணை முன்னால் போட்டு வெளியீட்டுக் கொள்ளளவைப் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டதைக் குறை சொல்லலாம்.

ஓசியில் வாங்கியவரால் சொல்லவே முடியாதவையும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட வேண்டும். "கொடுத்த காசுக்குத் தகும்" என்று காசு கொடுக்காதவர் எழுதக்கூடாது. அதே விலைக்கு வேறு எது கிடைக்கும், உங்கள் பையிலிருந்து போட்டு வாங்கியிருந்தால் எதை எடுத்திருப்பீர்கள் என்று எழுதலாம். வாரண்டியைப் பற்றியும் அப்படித்தான். ரிவ்யூக்கு வந்த டார்ச்சின் ஸ்விட்ச் போனால், மெயில் போட்ட இரண்டாம் நாள் புதிது வந்து நிற்கும். அதை "அருமையான சேவை" என்று எழுதாதீர்கள். எத்தனையாவது நாளில் போனது, எது போனது, பதிலுக்கு வந்தது இலவச மாற்று என்பதை மட்டும் எழுதுங்கள். அனுப்பிய சாம்பிள் பொறுக்கி எடுத்த ஒன்றாகவும் இருக்கலாம். கடையில் வாங்கிய வாசகர் யாராவது தன் அளவைச் சொன்னால் கட்டுரைக்குள்ளேயே தேதியோடு சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு ஓட்டை, எழுதாமல் விடுவது. நல்லதாக இருந்தால் கட்டுரை, மோசமாக இருந்தால் மௌனம் என்று பழகினால், பக்கம் முழுக்க நல்ல பொருளாகவே தெரியும். அடுத்த பார்சலும் தடையில்லாமல் வரும். இதற்கு ஒரு தனிப் பக்கம் போதும்: இலவசமாக வந்த எல்லாவற்றின் பெயர், வந்த மாதம், கட்டுரை உண்டா இல்லையா, இல்லையென்றால் ஒரு வரிக் காரணம், இப்போது பொருள் எங்கே. இந்தக் கடைசி விவரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொடுத்துவிட்டீர்களா, விற்றீர்களா, இன்னும் பயன்படுத்துகிறீர்களா? விற்றிருந்தால் அந்தக் காசும் கம்பெனி கொடுத்த காசுதான், பட்டியலில் ஏறட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்தப் பக்கத்தைத் திறந்து, அலமாரியில் தூங்குகிற பொருட்களின் கட்டுரைகளில் "இப்போது பயன்படுத்துவதில்லை" என்று தேதி போட்டு மேலே சேர்த்துவிடுங்கள். கமிஷன் லிங்க்கையும் அன்றைக்கே எடுத்துவிடலாம்.