ஃபேனையே பார்க்கிறான், பேரைச் சொன்னா திரும்பல

நாலு மாதக் குழந்தை ஃபேனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அம்மா போனில் தேடுகிறார். "ஆட்டிசம்" என்று வருகிறது; பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறுமாதிரி இருக்கிற மூளை வளர்ச்சி நிலை அது. அதன்பிறகு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

சித்திரை, வைகாசியில் வேலூர் வீடுகளில் ஃபேன் நிற்கிற நேரமே இல்லை. பாயில் மல்லாந்து கிடக்கிற பிள்ளைக்கு அசைகிற பொருள் அது ஒன்றுதான். வெளுத்த கூரையில் கறுப்பு இறக்கை சுற்றினால், அந்த வயதுக் கண்ணுக்கு அதைவிடப் பெரிய தேர்த்திருவிழா ஏது? உங்கள் முகத்தைச் சுமார் ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பேசிப் பாருங்கள். கண் ஃபேனை விட்டு இறங்கி வருகிறதா, வந்ததும் முகம் மலர்கிறதா? ஆம் என்றால் ஃபேனை மறந்துவிடலாம்.

சந்தோஷம் வந்தால் கையைப் படபடவென்று அடிப்பது, தூங்கும் முன் தலையை ஆட்டுவது, நடக்கப் பழகும்போது நுனிக்காலில் நிற்பது எல்லாம் ஒரு வயதுக்குள் ஏகப்பட்ட பிள்ளைகள் செய்வதுதான். கண்ணைப் பார்ப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. பார்த்துச் சிரித்த குழந்தை சட்டென முகத்தைத் திருப்பினால், "போதும், கொஞ்சம் ஓய்வு வேண்டும்" என்று பொருள். பயந்துபோன அம்மா அந்தப் பக்கமும் முகத்தைக் கொண்டுபோய் நீட்டுவார். குழந்தை இன்னும் திரும்பிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படி நடந்தால், பார்க்கவே மாட்டேன் என்கிறான் என்ற முடிவுக்கு வராமல் என்ன செய்வார்? இரண்டு கை எட்டாத தூரம் தள்ளி உட்கார்ந்து பத்து நொடி சும்மா இருங்கள். பெரும்பாலும் அதுவே திரும்பிப் பார்க்கும்.

பின்னாளில் ஆட்டிசம் என்று உறுதியான குழந்தைகள் இரண்டாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் பிறர் கண்களைப் பார்ப்பது படிப்படியாகக் குறைந்ததை 2013-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் அது கருவி வைத்து, மாதாமாதம் அளந்து கண்டது. வீட்டில் வெறுங்கண்ணால் பிடிக்கிற வித்தியாசம் இல்லை. ஆறு மாதக் குழந்தைக்கு ஆட்டிசம் என்று பெயர் வைக்க நேர்மையான எந்த டாக்டரும் துணிய மாட்டார். பதினெட்டு மாதம், இரண்டு வயது வாக்கில்தான் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்றும் இல்லை. பெயர் வைக்காமலேயே வேலையை ஆரம்பிக்கலாம். விசித்திரமாக என்ன செய்கிறது என்று தேடுவதை விட்டுவிட்டு, உங்களுக்கும் குழந்தைக்கும் நடுவே நடக்க வேண்டிய கொடுக்கல் வாங்கலில் எது இன்னும் வரவில்லை என்று பாருங்கள்.

அதற்கு முன் வயதைச் சரியாகக் கணக்குப் போடுங்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 40-லிருந்து 8 வாரம் கழிக்க வேண்டும். காலண்டரில் ஆறு மாதம் என்றால் வளர்ச்சிக் கணக்கில் நாலு மாதம்தான். இரண்டு வயது வரை இப்படித்தான் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிட்டுத்தான் பாதி பயத்தைச் சம்பாதிக்கிறார்கள்.

முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மாதத்தில் வரும். மூன்று மாதம் முடிந்தும் வராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். முதலில் சோதிப்பது கண் பார்வையைத்தான். ஒன்பது மாதத்தில் பேரைச் சொன்னால் திரும்ப வேண்டும்.

இந்தப் பேர் விஷயத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ரேஷன் கார்டில் ஒரு பேர், அப்பாவுக்குக் குட்டி, ஆயாவுக்குச் சாமி, அத்தைக்கு ராஜா. பிள்ளைக்கு எது தன் பேர் என்று எப்படித் தெரியும்? இரண்டு வாரம் வீட்டில் எல்லாரும் ஒரே பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு சோதியுங்கள். பசி, தூக்கம் இல்லாத நேரம். டிவியும் போனும் அணைந்திருக்க வேண்டும். கையில் ஒரு கரண்டியோ டப்பாவோ கொடுத்துவிட்டு, ஒரு மீட்டர் பின்னால், கண்ணில் படாமல் நின்று, வழக்கமான குரலில் ஒருமுறை கூப்பிடுங்கள். ஐந்து நொடி பொறுங்கள். திரும்பாவிட்டால் மறுபடி; மொத்தம் மூன்று தடவை. கை தட்டக் கூடாது, தொடக் கூடாது, "இங்க பாரு, பிஸ்கட்" சொல்லக் கூடாது. ஒரே நாளில் முப்பது தடவை கூப்பிட்டால் எந்தப் பிள்ளையும் காதை மூடிக்கொள்ளும். வெவ்வேறு நாட்களில் ஐந்தாறு முறை செய்து, எத்தனை தடவை திரும்பியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

பிஸ்கட் பாக்கெட் சரசரத்தால் ஓடி வருகிறான், குக்கர் விசிலுக்குத் திடுக்கிடுகிறான், அப்போ காது நல்லாத்தானே இருக்கு என்பார்கள். அப்படி முடிவு கட்டிவிட முடியாது. சில அலைவரிசை மட்டும் கேட்காமல் போகலாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் மந்தமாக இருக்கும். பிறந்தபோது காது டெஸ்ட் பாஸ் ஆகியிருந்தாலும் பிறகு கேட்கும் திறன் குறைவது உண்டு. பேருக்குத் திரும்பாத எந்தக் குழந்தைக்கும் முதல் டெஸ்ட் காதுக்குத்தான்.

அடுத்து, உள்ளங்கையில் பருப்பு கடைந்து, அம்மாவுக்கு அப்பாவுக்கு என்று பங்கு வைத்து, கடைசியில் அக்குளுக்கு நண்டை ஓடவிடுவோமே, அந்த விளையாட்டு. ஒரு பைசா செலவில்லாத பரிசோதனைக் கூடம் அது. நாலைந்து நாள் விளையாடிப் பழகிய குழந்தையிடம், முழங்கை வரை விரல்களை ஏறவிட்டுச் சட்டென்று நிறுத்துங்கள். குழந்தையின் முகத்தைக் கவனியுங்கள். ஒன்பது, பத்து மாதத்துப் பிள்ளை உடம்பை முன்கூட்டியே குறுக்கிக்கொண்டு, உங்கள் கண்ணைப் பார்த்து, "ம்?" என்பதுபோல் காத்திருக்கும், இல்லாவிட்டால் கையை நீட்டி மறுபடி கேட்கும். கிச்சுக்கிச்சு மூட்டினால் மட்டும் சிரித்து, நிறுத்தினால் உங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் வேறு பக்கம் போய்விடுவது, பல வாரம், பல பேரிடம் இப்படியே இருந்தால், குறித்து வைக்க வேண்டிய விஷயம். ஒரு நாள் நடந்தால் ஒன்றுமில்லை.

ஒரு வயதில் டாட்டா, கும்பிடு, "தூக்கு" என்று கையை உயர்த்துவது இப்படி ஏதாவது சைகை வந்திருக்க வேண்டும். எல்லாரும் பேச்சுக்காகக் காத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பேச்சைவிட ஆள்காட்டி விரலைத்தான் பார்ப்பேன். அதிலும் இரண்டு வகை உண்டு. தண்ணீர் குடத்தைக் காட்டினால் "எனக்குக் கொடு". காக்காவையோ கோட்டை மேல் பறக்கிற பட்டத்தையோ காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் "நீயும் பார்த்தியா?". இரண்டாவதுதான் முக்கியம். பதினெட்டு மாதத்திலும் அது வராவிட்டால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சில பிள்ளைகள் விரல் நீட்டாமல், உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்க் குழாய் மேல் வைத்துவிடும்; முகத்தைப் பார்க்காது, உங்கள் கை ஒரு ஸ்பேனர் மாதிரி. "எவ்ளோ புத்திசாலி பாரு" என்று வீட்டில் மெச்சிக்கொள்வார்கள். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வந்த பேச்சு, வந்த சிரிப்பு, வந்த டாட்டா காணாமல் போனால், எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டும். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று முதல் எட்டு மாதக் குழந்தை, தூங்கி எழுந்ததும், தலையைச் சடக்கென்று குனிந்து கைகளை விரித்து ஒரு நொடி விறைத்து, சில நொடி விட்டு மறுபடி, மறுபடி என்று வரிசையாகச் செய்தால், அது வயிற்றுவலியோ பயந்து துள்ளுவதோ என்று விடாதீர்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதித்தால் மூளை வளர்ச்சியே பாதிக்கும்.

"அவங்கப்பனும் மூணு வயசு வரைக்கும் பேசல, இன்னா கெட்டுப்போச்சு?" என்று ஆயா சொல்வார். பேச்சு மட்டும் தாமதமாகி, விரல் காட்டுவது, சொன்னது புரிவது, விளையாட்டு எல்லாம் சரியாக இருந்தால் ஆயா சொல்வது பலிக்கவும் கூடும். அவை சேர்ந்து வராதபோது அந்த வாக்கை நம்பி ஒரு வருடத்தைத் தொலைக்க வேண்டாம். வசம்பை நாக்கில் தேய்ப்பது வாந்தியைத்தான் கொண்டுவரும். நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிற ஜவ்வை வெட்டினால் பேரைக் கூப்பிட்டதும் திரும்பப்போவதில்லை. வீட்டில் உருது, தெருவில் தமிழ்; வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் — ஆம்பூர், மேல்விஷாரம் பக்கமெல்லாம் சகஜம். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. தாய்மொழியை நிறுத்தச் சொல்வது பழைய அறிவுரை.

ஒன்பது மாதத்திலும், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி மேல் பழி போடுவதும் உண்டு. பேச்சு மறையும் வயதும் இரண்டாவது ஊசி வயதும் ஒன்றாக இருப்பதுதான் குழப்பம். அதைக் கிளப்பிவிட்ட 1998-ம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பார்த்து 2019-ல் வெளியான ஆய்வில் தொடர்பே இல்லை.

போன் காட்டிச் சோறு ஊட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். இரண்டு வயது வரை திரையே வேண்டாம். ஆனால் "ஆறு மாதம் போனை நிறுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் டாக்டர்" என்று வரிசை வைக்காதீர்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம். அதற்கிடையே வீட்டில் செய்ய: பிடித்த பொருளை மூடி இறுக்கிய, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு முன்னால் வையுங்கள். திறக்க முடியாமல் உங்களிடம் வர வேண்டும். வந்ததும் பட்டென்று திறக்காமல், டப்பாவை உங்கள் கன்னத்தருகே பிடித்து மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், ஒரு தொடல், எது வந்தாலும் உடனே "தொற" என்று சொல்லித் திறங்கள். அழவிட்டுப் பாடம் நடத்தக் கூடாது. பத்துப் பத்து நிமிடமாக, நாளுக்கு நாலைந்து தடவை போதும்.

ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று சலித்துப் பார்க்கிற, எம்-சாட் என்கிற 20 கேள்வித் தாளை 16 முதல் 30 மாதப் பிள்ளைக்கு மட்டும் நிரப்புங்கள். எட்டு மாதக் குழந்தைக்கு நிரப்பிப் பயந்துகொள்வது வீண். 3 முதல் 7 மதிப்பெண் வந்தால் விவரமாகக் கேட்டுத் தெளிய வேண்டும், அதில் பலர் விடுபட்டுவிடுவார்கள். 8-ஓ அதற்கு மேலோ என்றால் நேரே மதிப்பீட்டுக்கு.

2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தாலும் இராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் பலரும் இதற்கு வேலூர் வருகிறார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும், சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பிரிவும் இருக்கின்றன; பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தின் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோருக்கே பயிற்சி தருகிறார்கள். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் பரிசோதனைக் குழுவிடம் சொன்னாலும் சீட்டு எழுதி அனுப்புவார்கள். போய் உட்கார்ந்ததும் "ஆட்டிசமா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்பதில் பேச்சு முடிந்துவிடும். "வளர்ச்சி மதிப்பீடு செய்ய வேண்டும்" என்று கேளுங்கள். இரண்டிரண்டு நிமிடத்தில் மூன்று வீடியோ கொண்டுபோங்கள்: சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, பேர் சொல்லிக் கூப்பிடும்போது. ஓ.பி. கூட்டத்தில் குழந்தை அழும், டாக்டருக்கு ஒன்றும் தெரியாது.

பெரா என்கிற காது டெஸ்ட்டுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். முதல் நாளே தலைக்கு ஊற்றிவிட்டு, அதன்பிறகு எண்ணெய் வைக்காதீர்கள். வைத்தால் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் வயர் பிடிக்காது. காலையில் சீக்கிரம் எழுப்பிவிட்டு, பாலை அங்கே போய்க் கொடுங்கள். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் தூங்கிவிடும், டெஸ்ட் அறையில் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். வழியெல்லாம் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்ட இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.