திரையின் ஓரத்தில் ஒரு சுரப்பி

எலும்பு பொருந்திவிட்டால் சிகிச்சையைத் தொடங்கலாம். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் அறையில் காலை வேலை இப்படித்தான் நகர்கிறது. நோயாளியை மேசையில் படுக்கவைத்து, அவர் முகத்தின் மேலேயே வார்த்த பிளாஸ்டிக் முகமூடியைப் பூட்டி, இயந்திரத்தோடு இணைந்த கோன் பீம் சி.டி.யில் ஒரு சுற்றுப் படம் எடுக்கிறோம். திட்டமிடும்போது எடுத்த சி.டி.யின் மேல் அதை வைத்து, கழுத்து முள்ளெலும்பும் தாடையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பார்க்கிறோம். ஓரிரு மில்லிமீட்டர் விலகல் இருந்தால் மேசை நகரும். பிறகு கதவு மூடப்படும். அந்தப் படத்தை அதற்குப் பிறகு பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்கும் எனக்கு, அப்படித் திறக்காமல் கிடக்கும் படங்களின் மீதுதான் இப்போது கண். எலும்பு கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஆனால் காதுக்குக் கீழே தாடையை ஒட்டிக் கிடக்கும் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி முதல் வாரத்தில் இருந்த இடத்தில் இருக்காது. இருந்த அளவிலும் இருக்காது. யாருடைய வாய் வறண்டே போகப் போகிறது என்பதற்கான தடயம் நாங்கள் வேறு காரணத்துக்காக எடுத்த படத்தின் ஓரத்தில் தினமும் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

வாய் வறட்சியை எங்கள் துறைக்காரர்கள் சிறு தொந்தரவாக எண்ணிய காலம் ஒன்று உண்டு. உயிர் பிழைத்தவர் தண்ணீர்ப் பாட்டிலோடு நடந்தால் என்ன என்ற நினைப்பு. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை எங்கள் பகுதி ஆட்களின் தட்டைப் பார்த்தாலே புரியும். கேழ்வரகுக் களியை இங்கே யாரும் மெல்லுவதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவார்கள். வழுக்கிக்கொண்டு இறங்க எச்சில் வேண்டும். சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்து வரும் விவசாயி ஒருவர் “களி தொண்டையில் நிற்கிறது சார்” என்று சொல்லும்போது, அவர் பிறந்ததிலிருந்து சாப்பிட்ட சாப்பாட்டை நாங்கள் பறித்துவிட்டோம் என்று பொருள். பேச்சு ஒட்டிக்கொள்ளும். இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டித் தூக்கம் கலையும். பற்கள் ஈறை ஒட்டிய பகுதியில் கறுத்து ஒடியும்.

சாப்பிடும்போது வரும் உமிழ்நீரில் பெரும்பங்கு பரோட்டிட்டுடையது. சும்மா இருக்கும் நேரத்திலும் இரவிலும் வாயை ஈரமாக வைத்திருப்பது பெரும்பாலும் தாடைக்கு அடியில் உள்ள சுரப்பி. இந்தச் சுரப்பிகளின் செல்கள் வேகமாகப் பிரிபவை அல்ல. பாடப்புத்தகக் கணக்குப்படி கதிர்வீச்சை ஓரளவு தாங்க வேண்டும். தாங்குவதில்லை. முதல் வாரத்திலேயே சுரப்பு சரியத் தொடங்கி, எச்சில் பசை போல ஆகிவிடுகிறது.

எவ்வளவு கதிர்வீச்சு போனால் சுரப்பி கெடும் என்ற கேள்விக்கு எங்களிடம் எண்கள் உண்டு. 1999இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, பரோட்டிட் வாங்கும் சராசரிக் கதிரளவு 26 கிரேயைத் (கிரே என்பது உடம்பு ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) தாண்டினால், சாப்பிடும்போது போலத் தூண்டப்பட்டு வரும் சுரப்பு மீள்வது அரிது என்று காட்டியது. நல்ல திசுக்கள் எவ்வளவு கதிரைத் தாங்கும் என்று ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளியான குவான்டெக் தொகுப்பு, ஒரு பக்கச் சுரப்பியையாவது 20 கிரேக்குக் கீழே வைக்க வேண்டும், முடியாவிட்டால் இரண்டையும் 25 கிரேக்குக் கீழே வைக்க வேண்டும் என்றது. கட்டிக்கு 70 கிரே, 35 அமர்வுகள், ஏழு வாரம். அதன் பக்கத்திலேயே உள்ள சுரப்பிக்கு 25. கதிரின் செறிவைப் பகுதி பகுதியாக மாற்றும் ஐ.எம்.ஆர்.டி. முறை வந்த பிறகுதான் இது கைகூடியது. பிரிட்டனில் 94 நோயாளிகளோடு நடந்து 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் சோதனையில், ஓராண்டு கழித்துக் குறிப்பிடத்தக்க வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம். நல்ல முன்னேற்றம். ஆனாலும் அந்த 38 சதவீதத்தினர் யார் என்று சிகிச்சை தொடங்கும் நாளில் நமக்குத் தெரியாது.

என் வேலையில் என்னை உறுத்துவது இந்த இடம்தான். திட்டத்தில் ஒரே மாதிரி 24 கிரே காட்டும் இருவர் இருப்பார்கள். ஒருவர் ஆறு மாதத்தில் பிரியாணி சாப்பிடுவார். மற்றவர் இரண்டு ஆண்டு கழித்தும் மோர்சாதத்தைத் தாண்ட மாட்டார். இதற்குக் காரணம் தேடும்போது எண்ணின் மீது வைத்திருந்த மரியாதை சற்றுக் குறைகிறது. அந்த 24, முதல் நாள் சி.டி.யில் நான் வரைந்த சுரப்பிக்கான கணக்கு. ஏழு வாரமும் சுரப்பி அசையாமல் சுருங்காமல் இருந்தால் மட்டுமே அது உண்மை.

அது அப்படி இருப்பதில்லை என்பது 2004இலேயே தெரிந்துவிட்டது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்தில், சிகிச்சை அறைக்குள்ளேயே தண்டவாளத்தில் நகரும் சி.டி.யைக் கொண்டு 14 நோயாளிகளைத் தொடர்ந்து படம் எடுத்தார்கள். பரோட்டிட் நாளொன்றுக்குச் சுமார் 0.6 சதவீதம் சுருங்கியது. முடிவில் சுமார் 3 மில்லிமீட்டர் உள்நோக்கி நகர்ந்திருந்தது. எடை எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ப நகர்வும் கூடியது. மூன்று மில்லிமீட்டர் அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஐ.எம்.ஆர்.டி. திட்டத்தில் கட்டிக்கும் சுரப்பிக்கும் நடுவே கதிரளவு கிணற்றுச் சுவர் போலச் செங்குத்தாக இறங்குகிறது. சுரப்பி நகர்வது அந்தச் சுவரை நோக்கித்தான்.

எங்கள் நோயாளிகள் எடை இழக்கும் வேகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெற்றிலை புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்று வந்து, அறுவை முடிந்து, ஏற்கெனவே கஞ்சியில் ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு. கரண்ட் வைக்கிறார்கள் என்று ஊரில் சொல்லிவிட்டு, விடியற்காலை பஸ் ஏறி வந்து, மதியம் மீண்டும் பஸ் ஏறிப் போகிறவர்கள். மூன்றாம் வாரத்தில் முகமூடிக்குள் விரல் நுழையும். அந்தத் தளர்வைத் தொழில்நுட்பர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். எந்தக் கணினி மாதிரியும் அவர்கள் கையை முந்தி நான் பார்த்ததில்லை.

படங்களைக் கொண்டு முன்கூட்டியே கணிப்பது பற்றி உலகில் வேலை நிறைய நடந்திருக்கிறது. நெதர்லாந்தின் கிரோனிங்கன் குழு இதில் விடாப்பிடியானது. சிகிச்சைக்கு முந்தைய எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பு அதிகம் கலந்த பரோட்டிட் உள்ளவர்களுக்குப் பின்னாளில் வறட்சி அதிகம் என்று அவர்கள் காட்டினார்கள். வயதானவரின் சுரப்பி முதல் நாளிலேயே பாதி கொழுப்பாக இருந்தால், கெடுவதற்கு மிச்சமிருக்கும் நல்ல திசுவே குறைவு. காரணம் எளிமையாகப் புரிகிறது. சிகிச்சையின் ஊடே சுரப்பியின் மேற்பரப்பு எவ்வளவு குறைந்தது என்பதும் பிந்தைய வறட்சியோடு ஒத்துப்போகிறது என்றும் கண்டார்கள். வேறு இடங்களில் எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படங்களில், நீர் மூலக்கூறுகளின் அசைவு சிகிச்சையின் நடுவே கூடுவதை அளந்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பே டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் போட்டு, எலுமிச்சைச் சாறு கொடுத்து, சுரப்பி எவ்வளவு வடிகிறது என்று காமா கேமராவில் பார்க்கும் முறை இருந்தது. என்னைக் கேட்டால் அதுதான் நேர்மையான சோதனை, சுரப்பியிடமே கேட்கிறது. எங்களிடம் அந்தக் கேமரா கிடையாது. தவிரவும் நான்காம் வாரத்தில் வாயெல்லாம் புண்ணாக இருக்கும் ஆளிடம் எலுமிச்சையை நீட்ட எனக்கு மனம் வராது. (மாம்பழப் பருவத்தில் சிகிச்சைக்கு வருகிறவர்களின் துயரம் தனி. தோட்டம் முழுக்கப் பழம் தொங்கும். நாக்குக்கு ருசியும் தெரியாது, புளிப்பும் எரியும்.)

அழகான கருத்து எல்லாம் நோயாளிக்குப் பயனாக மாறுவதில்லை என்பதற்கும் இதே துறையில் சான்று உண்டு. பரோட்டிட்டில் எல்லாப் பகுதியும் சமமல்ல, உமிழ்நீர் வடியும் பெரிய நாளங்களை ஒட்டிய பகுதியில்தான் மீளுருவாக்கும் தண்டணுக்கள் (ஸ்டெம் செல்கள்) உள்ளன என்று கிரோனிங்கன் குழு 2015இல் வெளியிட்டது. அந்த இடத்தை மட்டும் காப்பாற்றித் திட்டமிட்டார்கள்; பிறகு நடத்திய சோதனையில் நோயாளிகளின் சுரப்பில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. அதே போல, வாரந்தோறும் புதுப் படம் எடுத்துப் புதுத் திட்டம் போட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்பிய என் போன்றவர்களுக்குப் பிரான்ஸில் நடந்த ஆர்டிக்ஸ் சோதனை ஓர் அடி கொடுத்தது. 2024இல் வந்த அதன் முடிவு: 132 பேரில், வாராவாரம் திட்டத்தை மாற்றியவர்களுக்கும் மாற்றாதவர்களுக்கும் உமிழ்நீரில் வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு “பிறகு எதற்கு இந்த வேலை?” என்று எங்கள் மருத்துவர் ஒருவர் கேட்டார். எனக்கு அது எதிர்த்திசையில் பேசுவதாகத் தோன்றியது. எல்லோருக்கும் மாற்றினால் பயனில்லை என்றால், யாருக்கு மாற்ற வேண்டும் என்று தெரிவுசெய்வதுதானே மிச்சமிருக்கும் வழி? சுரப்பி அதிகம் நகராதவருக்குப் புதுத் திட்டம் போட்டு என்ன கிடைக்கும்? இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரைந்து, கணக்கிட்டு, சரிபார்த்து, ஒரு திட்டத்தை முடிக்கும் சிறிய மருத்துவமனைக்குத் தெரிவு ஆடம்பரம் இல்லை.

ஆகவே நாங்கள் செய்வது மிக எளிது. மூன்றாம் வாரத்தில் அன்றைய கோன் பீம் படத்தைத் திறந்து, இரு பரோட்டிட்டையும் மறுபடி வரைந்து, கொள்ளளவையும் கட்டியிலிருந்து உள்ள தூரத்தையும் முதல் சி.டி.யோடு ஒப்பிடுகிறோம். அந்தப் படத்தில் சாம்பல் நிறங்கள் நம்பத்தக்கவை அல்ல; பல்லில் உலோகம் அடைத்திருந்தால் கோடு கோடாகச் சிதறும். அதனால் அதைக் கொண்டு இழையமைப்பு எண்களை நூற்றுக்கணக்கில் கணக்கிடும் ரேடியோமிக்ஸ் வித்தைக்கு நான் போவதில்லை. கருத்தரங்குகளில் வண்ணம் வண்ணமாகக் காட்டும் அந்தப் படங்கள் இயந்திரம் மாறினால் எண்ணும் மாறும் இயல்புடையவை. எல்லைக் கோடு மட்டும் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது, அது போதும். சுரப்பி கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கி உள்ளே போயிருந்தால், எடையும் இறங்கியிருந்தால், முகமூடியும் தளர்ந்திருந்தால், அவருக்குப் புது சி.டி. எடுக்கச் சொல்கிறோம்.

கணிப்பால் இன்னொரு பயன் உண்டு. அதற்கு இயந்திரமே வேண்டாம். வறளப்போகும் வாய் யாருடையது என்று தெரிந்தால், பல் மருத்துவர் அவரை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளலாம். இங்கே அது சாதாரண வேலை இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு மிகுதி. ஜப்பான் நிதியுதவியோடு 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (மிகுதி ஃபுளோரைடால் வரும் பல், எலும்புப் பாதிப்பு) தணிப்பும் சேர்ந்திருக்கிறது. அதற்கு முன் பிறந்து வளர்ந்தவர்கள் பலரின் பற்களில் காவிக் கோடுகள் இருக்கும். அப்படிப்பட்ட ஒருவரிடம், எச்சில் இல்லாத வாயில் பல் சொத்தையாகாமல் இருக்க இரவு தோறும் ஃபுளோரைடு ஜெல் தடவுங்கள் என்றால் அவர் என்ன நினைப்பார்?

பென்னாகரம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் நேராகவே கேட்டார்: “ஃபுளோரைடு பல்லைக் கெடுக்கும் என்று பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்தினேன். இப்போது அதையே காசு கொடுத்து வாங்கிப் பூசச் சொல்கிறீர்களே, சார்?” நியாயமான கேள்வி. தாடைக்குள் பல் உருவாகும் வயதில் தண்ணீரோடு தினமும் வயிற்றுக்குள் போனது வேறு, முளைத்து முடிந்த பல்லின் மேல் சில நிமிடம் வைத்துத் துப்புவது வேறு என்று பல் மருத்துவர் விளக்கினார். ஆசிரியர் பாதி சமாதானத்தோடு வாங்கிப்போனார். மற்றவர்கள் கேட்காமலேயே வாங்கிப் போய் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

எங்கள் மூன்றாம் வாரக் கணிப்பு எந்த அளவுக்குப் பலிக்கிறது என்று அறிய ஓராண்டு கழித்து அதே ஆட்கள் வர வேண்டும். கட்டி இல்லை என்று தெரிந்த பிறகு ஒரு நாள் கூலியை இழந்து வாய் வறட்சியைச் சொல்ல யார் பஸ் ஏறுவார்கள்? அதனால் தொலைபேசியில் அழைக்கிறோம். எண் மாறியிருக்கும், மகன் பெங்களூரில் எடுப்பார். அம்மா நன்றாக இருக்கிறார் என்பார். அவரிடமே போனைக் கொடுக்கச் சொல்லி, சாப்பிடும்போது எத்தனை மிடறு தண்ணீர், இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், களி இறங்குகிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, மூன்றாம் வாரத்தில் வரைந்த கொள்ளளவுக்கு எதிரே எழுதிக்கொள்கிறோம். கேள்விகளைத் தொழில்நுட்பர் ஒருவர்தான் கேட்கிறார். நான் கேட்டால் எல்லோரும் “பரவாயில்லை சார்” என்று சொல்லிவிடுகிறார்கள்.