மணி அடிக்காத ஊரில் செபம்

நம் பள்ளியில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாடம் பாதியில் நிற்கும். வகுப்பு முழுவதும் எழுந்து, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மாதாவை நினைத்துச் சொல்லும் மூவேளை செபத்தைச் சொல்லும். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் கைகட்டி மரியாதையாக நிற்பார்கள். மூன்று முன்மொழி, மூன்று 'அருள் நிறைந்த மரியே', முடிவு மன்றாட்டு, எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகாது. உடனே விட்ட இடத்திலிருந்து கணக்கு தொடரும்.

வடசென்னையில் வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளைக்கு வாரம் முழுவதும் இப்படித்தான் ஒழுங்காகியிருந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயில். மாதத்தின் முதல் வெள்ளிக்கு முன்னதாகப் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது; வெள்ளி காலையில் பூசை. மே மாதம் மாதா வணக்கம், அக்டோபர் முழுக்க வீடு வீடாகச் செபமாலை. பிப்ரவரி 11 பெரம்பூர் லூர்து அன்னை திருவிழா, ஜூன் 29 இராயபுரத்தில் படகுத் தொழில் செய்த குருகுல வம்சத்தார் எழுப்பிய பேதுரு கோயிலின் பாதுகாவலர் நாள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் பதினான்கு தலங்களிலும் முழந்தாள். மாலை ஆறு மணிக்கு விளக்கு வைத்ததும் வீட்டில் மூத்தவர் யாராவது 'பிதா சுதன்' என்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டால், கையில் இருந்ததை வைத்துவிட்டுப் பாயில் உட்கார வேண்டியதுதான். ஒற்றை அறை வீட்டில் தப்பிக்க வேறு அறை கிடையாது!

இதை நினைவுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகளும் அண்மையில் படிப்பு முடித்து வந்த இளையோரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: "பத்து நாள் ஒழுங்காச் செபிக்கிறேன், அப்புறம் விட்டுப்போகுது. என் விசுவாசமே போயிடுச்சோன்னு பயமா இருக்கு." விசுவாசம் போகவில்லை. பந்தலைப் பிரித்த பிறகு கொடி தரையில் கிடக்கிறது, அவ்வளவுதான். நமக்கு நேரத்தையும் இடத்தையும் வார்த்தைகளையும் ஊர் கொடுத்தது. நாம் அதற்குள் நின்றோம். மணி அடிக்காத ஊரில் அந்த மூன்றையும் நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் சறுக்கல் தொடங்குவது தியானம் முடிந்த வாரத்தில், அல்லது வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்த மறுவாரத்தில். மனம் பொங்கியிருக்கும். தினமும் ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டும் முழுச் செபமாலை, நற்செய்தியில் ஓர் அதிகாரம், அரை மணி நேர மௌனம் என்று திட்டம் போடுவார்கள். முதல் தேர்வு, முதல் இரவுப்பணி, முதல் காய்ச்சல் வந்ததும் அது உடைந்துபோகும். விட்ட செபமாலைகளைக் கணக்குப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை மூன்றாகச் சேர்த்துச் சொல்லப் பார்ப்பார்கள். அதுவும் முடியாது. பிறகு 'அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு அப்புறம் புதுசா ஆரம்பிக்கலாம்' என்ற தள்ளிப்போடல். சாவான பாவம் எனப்படும் கனமான பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் கட்டாயம் வேண்டும், ஆனால் செபத்தைத் திரும்பத் தொடங்க அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விட்டதைக் கடனாக அடைக்கவும் வேண்டாம். அடுத்த வேளை வந்ததும் சிலுவை அடையாளம் வரைந்து தொடங்கினால் போதும்.

தொடக்க அளவைச் சிறிதாக வைக்க வேண்டும். காய்ச்சலிலும் செய்யக்கூடியது எதுவோ அதுவே சரியான அளவு. காலையில் செபமாலையின் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி: பரலோக மந்திரம் ஒன்று, மங்கள வார்த்தை (அதாவது 'அருள் நிறைந்த மரியே') பத்து, திரித்துவப் புகழ் ஒன்று, மூன்று நிமிடம் ஆகும். இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை பத்து நிமிடம். இந்த இரண்டும் ஒரு மாதம் விடாமல் நின்ற பிறகு முழுச் செபமாலைக்குப் போகலாம். அதில் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகள், அதாவது மறையுண்மைகள், நாளுக்கு நாள் மாறும்: திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழனன்று 2002இல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறையுண்மைகள்.

நேரம் குறிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வேலை மாற்றி மாற்றி வரும் பிள்ளை 'காலை ஆறு மணி' என்று வைத்தால் நடக்காது. கடிகாரத்தோடு கட்டாமல் அன்றாடம் தவறாத ஒரு செயலோடு கட்ட வேண்டும்: குளித்துத் தலை துவட்டியதும், அல்லது ரயிலில் இருக்கை கிடைத்ததும். பகலில் தூங்குபவருக்கு அவர் எழும் வேளைதான் காலை. படுக்கையில் படுத்துக்கொண்டு தொடங்கினால் இரண்டாவது மங்கள வார்த்தையிலேயே தூக்கம் வரும், எனவே உட்கார்ந்து செபிப்பதே நல்லது. அதையும் மீறித் தூங்கிப்போனால் குற்ற உணர்வு வேண்டாம். கார்மேல் மடத்துப் புனிதையான குழந்தை தெரேசம்மாள் செப நேரத்தில் பலமுறை தூங்கியவர். பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியம்தானே என்று எழுதினார்.

அடுத்தது இடம். தனி அறை தேவையில்லை. சுவரில் சிலுவையில் அறைந்த இயேசுவின் சிறிய பாடுபட்ட சுரூபம், அதன் கீழே செபமாலையும் செபப் புத்தகமும் எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும். புத்தகம் காகிதத்தில் இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. கைபேசியில் செபம் வாசிக்கும்போது மேலே ஒரு செய்தி வந்து விழுந்தால் விரல் தானாகவே அங்கே போய்விடும். அது பிள்ளையின் பலவீனம் அல்ல, அந்தக் கருவி செய்யப்பட்டிருக்கும் விதமே அப்படி.

ஆன்ம சோதனையைப் பாவப் பட்டியல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வைத்த வரிசையில் முதலில் வருவது நன்றி. இன்று பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்லி, உண்மையைக் காண ஒளி கேட்டு, எழுந்ததிலிருந்து இந்த நேரம் வரை மணி மணியாகப் பார்த்து, தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரு திருத்தம் தீர்மானித்து, பரலோக மந்திரத்தோடு முடிக்க வேண்டும். நன்றியைத் தாண்டி நேரே குற்றத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வாரத்தில் சோர்வு வந்துவிடும். திருத்தமும் 'நல்லவனாக இருப்பேன்' என்று பொதுவாக இருக்கக் கூடாது. 'நாளை அம்மாவிடம் போனில் எரிந்து விழமாட்டேன்' என்ற அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும்.

செபத்தில் வரும் வறட்சியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும், ஏனெனில் இளையோர் செபத்தை விடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒன்றும் தோன்றாது, வாய் மட்டும் அசையும். 'மனசு ஒட்டாமச் சொல்றது வேஷம்தானே' என்று நேர்மையாகவே நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். இதற்கு இஞ்ஞாசியார் சொன்னது தெளிவானது: ஆறுதலற்ற காலத்தில், முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே. ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தால், குறைக்கத் தோன்றும்போது சற்றுக் கூடுதலாகவே இரு. நம் பிள்ளைகளின் பத்து நிமிடத்துக்கு அது பதினோரு நிமிடம். வறட்சிக்கு அவர் மூன்று காரணங்கள் சொன்னார். நம்முடைய அசட்டை ஒன்று. நாம் எதுவரை நிலைத்து நிற்போம் என்ற சோதனை இன்னொன்று. ஆறுதல் நம் சம்பாத்தியம் அல்ல, கொடை என்று கற்பிப்பது மூன்றாவது. முதலாவது மட்டுமே நம் தவறு. எல்லா வறட்சியையும் தன் பாவத்தின் தண்டனை என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு மற்ற இரண்டையும் யாராவது சொல்லித் தர வேண்டும்.

குழந்தை தெரேசம்மாளுக்கு முன் வாழ்ந்த இன்னொரு புனிதையான அவிலா தெரேசம்மாள் பல ஆண்டுகள் கையில் புத்தகம் இல்லாமல் செபத்தில் உட்காரத் துணியவில்லை. நேரம் முடிந்து மணி அடிக்காதா என்று காது கொடுத்துக் கிடந்ததாகவும் எழுதியிருக்கிறார். அவரையே திருச்சபை மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தின் ஆசானாக, அறிவித்திருக்கிறது. மனம் முற்றிலும் காய்ந்த நாளில் குழந்தை தெரேசம்மாள் செய்தது, பரலோக மந்திரம் ஒன்றையும் மங்கள வார்த்தை ஒன்றையும் மிக மெதுவாகச் சொன்னது. அதை நாமும் செய்யலாம்.

செபத்தின் நடுவே மனம் வேறெங்கோ போகும் பராக்கும் இப்படித்தான். வந்த நினைவைத் துரத்திப் பிடிக்கப் போனால் அதன் வலையிலேயே விழுந்துவிடுவோம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் எச்சரிக்கிறது. கவனித்தவுடன் திரும்பி வருவதே போதும். விசா, வாடகை, விட்டுப்போன காதல் என்று ஒரே நினைவு திரும்பத் திரும்ப வந்தால் அதையே ஆண்டவரிடம் பேச வேண்டும். மனம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

குடும்பமாகச் செபிப்பவர்களுக்கு ஒரு சிறிய குறிப்பு. பெற்றோர் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்றும் பிள்ளைகள் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்றும் சொல்லும்போது வாய் இடறும். ஏதாவது ஒன்றை வீட்டு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் செபமாலையின் பத்து மணிகளோடு நிறுத்திவிடலாம். முழங்கால் வலித்து அழுத பிள்ளைக்குப் பிறகு செபமாலை என்றாலே அழுகைதான் நினைவுக்கு வரும்.

வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை உள்ள நாடுகளில் அன்றே ஞாயிறு வழிபாட்டுத் திருப்பலி நடக்கிறது. அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. ஊருக்கு ஊர் மாறுவதால், வேலை மாறிப் போகிறவர்கள் முதல் வாரமே கோயில் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்ப் பூசை மாதம் ஒருமுறைதான் கிடைக்கும் ஊரில் அரை மணி நேரம் முன்னதாகப் போனால் தாய்மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்ய வாய்ப்புண்டு. சாமியாரிடம் பாவங்களோடு இதையும் சேர்த்துச் சொல்லலாம்: எப்போது செபிக்கிறேன், எவ்வளவு நேரம், எந்த இடத்தில் விட்டுப்போகிறது. இந்த மூன்றும் தெரிந்தால்தான் அவரால் குறிப்பாக ஆலோசனை சொல்ல முடியும்.