சாயங்காலம் 5 மணி

மார்ச் 3, செவ்வாய்
5 மணிக்குப் பாப்பா கூப்பிட்டாள். "அப்பாரு, சாப்..." அவ்வளவுதான். திறந்த வாய் திறந்தபடி முகம் நின்றுவிட்டது. அப்பா போனை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, நின்றுபோன அந்த முகத்துக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 4
இன்னிக்கும்.

மார்ச் 5, வியாழன்
மேவரத் தறிக்குடோன்தான், வேறென்ன. சுவிட்சைப் போட்டாலே அப்பாவின் ரேடியோ பொரிகிறது. மீடியம் வேவில் கோவை நிலையத்தை, 999ஐப் பிடிக்கப் படாதபாடு. வைஃபையும் ரேடியோதானே? போய்ச் சொன்னேன். "ஏனுங்க, 30 வருசமாத் தறி ஓடுது, உங்க டப்பா வந்து 6 மாசம் இருக்குங்களா?" என்றவர், காபி கொடுத்துத்தான் அனுப்பினார்.

மார்ச் 7
அப்பா 4 வாய் கஞ்சி.

மார்ச் 8, ஞாயிறு
தறி லீவு. ரேடியோவில் ஒரு பொரிச்சல் இல்லை. 5 மணிக்குப் பாப்பா வந்தாள், ரெண்டாவது நிமிசம் நின்றுபோனாள். குடோன்காரர் முகத்தில் இனி எப்படி முழிப்பது?

மார்ச் 9
தூக்கமில்லை, படித்தேன். சுவிட்ச், மோட்டார் பொறியெல்லாம் மீடியம் வேவ் பக்கம்தான் ஆட்டம் போடுமாம். வைஃபை ஓடுகிற 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறபோது வலு போய்விடும். அதில் 1, 6, 11 மூணு சேனல்தான் ஒன்றையொன்று உரசாது. தெருவில் பாதிப்பேர் 6இல். நான் 11க்கு மாறினேன்.

மார்ச் 10
முன்னைவிட மோசம்.

மார்ச் 12, வியாழன்
"கண்ணு, செவுத்துக்கு அந்தாண்ட டிங்குன்னாத்தான் பாப்பா பேசறா."
அந்தாண்ட பேக்கரி. அப்பாவின் தலைமாட்டில் ஒத்தைச் செங்கல் சுவர், அதையொட்டி மைக்ரோவேவ் அடுப்பு. போய் நின்று பார்த்தேன். 5 மணிக்கு டீக்கூட்டம். தட்டுத் தட்டாகப் பஃப்ஸ் உள்ளே போகிறது. அதுவும் 2.45 ஜிகாஹெர்ட்ஸ், 11ஆம் சேனலை ஒட்டியே! உள்ளே 800 வாட். என் டப்பா விடுவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. கதவிடுக்கில் கசிகிறது ஆளை ஒன்றும் செய்யாது, பாப்பா வாயை அடைக்கப் போதும்.
நான் ராத்திரியெல்லாம் படித்தேன். அவர் படுத்தபடியே கேட்டிருக்கிறார்.

மார்ச் 13
டப்பாவில் அடுப்பு தொடாத இன்னொரு அலைவரிசை இருக்கிறது, 5 ஜிகாஹெர்ட்ஸ். அது அப்பா ரூமுக்கு எட்டவில்லை. நடுவே ஒன்றரை அடி மண்சுவர். டப்பாவையே கட்டில் பக்கம் கொண்டுபோகோணும். 20 மீட்டர் லேன் ஒயர் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 14, சனி
ஒயர் திங்கள்கிழமைதானாம். அப்பா மணி கேட்கிறார். மூணேகால்தான் ஆகிறது.