பார்சர் மட்டும் ரஸ்டுக்குப் போனது

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சில தென்னந்தோப்பு மோட்டார் ரூம்களில் ஒரு சின்ன ஓப்பன்சோர்ஸ் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ஓடுகிறது. ஈரப்பத சென்சார்கள் அனுப்பும் பாக்கெட்டை வாங்கிப் பிரித்து டேட்டாபேஸில் போடும், அவ்வளவுதான். பொள்ளாச்சி அண்ணன் ஒருவர் முழுக்க சி-யில் எழுதியது. அதில் பாக்கெட்டைப் பிரிக்கும் பார்சர் பகுதியை மட்டும், மெமரித் தவறுகளைத் தடுக்கும் ரஸ்ட் மொழிக்கு மாற்றினோம்.

மொத்தத்தையும் திருப்பி எழுதலாமா என்று கேட்டதற்கு, "நல்லா ஓடீட்டு இருக்கறத எதுக்குங் தம்பி நோண்டறீங்க?" என்றார். நியாயம்தான். ஆண்ட்ராய்டிலும் பழைய புரோகிராம் வரிகளை அப்படியே விட்டு, புதியதைத்தான் பெரும்பாலும் ரஸ்ட் போன்ற மெமரி-சேஃப் மொழிகளில் எழுதினார்கள். 2019-ல் மொத்தப் பாதுகாப்பு ஓட்டைகளில் 76 சதவீதமாக இருந்த, மெமரியைத் தவறாகத் தொடுவதால் வரும் ஓட்டைகளின் பங்கு 2024-ல் 24 ஆனது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 கெர்னலும் ரஸ்டைச் சேர்த்துக்கொண்டதே தவிர, இருக்கிற சி-யைத் தூக்கிப் போடவில்லை.

அண்ணனை அசைத்தது ஒரே ஒரு பாக்கெட். நீளம் 200 என்று தலைப்பில் சொல்லிவிட்டு, பின்னால் 12 பைட் மட்டும் வைத்து அனுப்பினேன். மெமரித் தவறைக் காட்டும் அட்ரஸ் சானிட்டைசர் கருவியைப் போட்டு ஓடவிட்டதும், ஹீப்பில் (ஓடும்போது வாங்கிய மெமரி) எல்லையைத் தாண்டிப் படிக்கிறது என்று கத்தியது. 2014-ல் இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியை ஆட்டிவைத்த ஹார்ட்ப்ளீட் ஓட்டையும் இதே ஜாதி. ரஸ்டில் ஸ்லைஸிடம் (தன் நீளம் தெரிந்த பைட் வரிசை) 'கெட்' போட்டு 200 பைட் கேட்டால், அவ்வளவு இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலைக் கவனிக்காமல் மேலே போக கம்பைலர் விடாது.

மெமரியை யார் எப்போது தொடலாம் என்று பார்க்கும் ரஸ்டின் பாரோ செக்கரோடு மல்லுக்கட்டுவதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு நேரம் தின்றது சி-யும் ரஸ்டும் தொட்டுக்கொள்ளும் இடம். ரஸ்ட் ஒதுக்கிக் கொடுத்த பிழைச் செய்தியை சி பக்கம் 'ஃப்ரீ' போட்டு விடுவிக்கக் கூடாது. அதற்கென்று ரஸ்டிலேயே ஒரு ஃபங்க்‌ஷன் தர வேண்டும். காலி பாக்கெட்டுக்கு சி நல் பாயிண்டர் (எதையும் காட்டாத வெற்று முகவரி) அனுப்பும். நீளம் பூஜ்யமாக இருந்தாலும் அதை வைத்து ஸ்லைஸ் உருவாக்கக் கூடாது.

அப்புறம் டெபியன் என்ற லினக்ஸ் வகை. மோட்டார் ரூம் பெட்டிகளில் இருப்பது டெபியன் 12, அதன் ரஸ்ட் 1.63. நான் சேர்த்த லைப்ரரிகள் அதைவிடப் புதிய கம்பைலரைக் கேட்டன. பாக்கெட் பிரிக்க எதற்கு இத்தனை லைப்ரரி என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஸ்டாண்டர்ட் லைப்ரரியோடு முடித்தேன். பழைய கம்பைலரில் இன்னொரு வில்லங்கம்: ரஸ்டில் எழும் பேனிக் (மேலே ஓட முடியாத பிழை) சி-க்குள் கசிந்தால் என்ன நடக்கும் என்று உத்தரவாதமே இல்லை. புரோகிராமை அங்கேயே நிறுத்திவிடும் பாதுகாப்பு 1.81-ல்தான் வந்தது. அதனால் சி கூப்பிடும் ஃபங்க்‌ஷன்களிலேயே பேனிக்கைப் பிடித்து, பிழை எண்ணாகத் திருப்புகிறோம்.

கம்பைலர் முழுதாகச் சரிபார்க்க முடியாத அன்சேஃப் வரிகளெல்லாம் இப்போது ஒரே ஃபைலில். அண்ணன் ரஸ்ட் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார். ஆனாலும் அந்த ஃபைலில் யார் கை வைத்தாலும் வரிவரியாகக் கேள்வி கேட்கிறார். டேட்டாபேஸ் பகுதி சி-யிலேயே இருக்கிறது. வெளியாள் அனுப்பும் பைட் எதுவும் நேராக அங்கே போவதில்லை என்பதால், அதை மாற்றும் எண்ணமும் இல்லை.