வைஃபை அறுந்தது ஓரிடம், நான் தேடியது வேறிடம்

என் மேசைக் கணினிக்கு வைஃபை கிடையாது. ரவுட்டர் கூடத்தில், கணினி பின் அறையில், நடுவே இரண்டு சுவர்கள். பெரம்பூரில் இருப்பது வாடகை வீடு, துளை போட்டுக் கம்பி இழுக்க வீட்டுக்காரர் ஒப்பமாட்டார். அதனால் 8812பியு சிப் உள்ள யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கினேன். அப்போது என் இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 21, அதன் மையமான கர்னல் 5.15. அந்தக் கர்னலில் இந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள், அதாவது டிரைவர், இல்லை. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒருவர் பராமரிக்கும் வெளி டிரைவரை எடுத்து, கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கட்டித்தரும் டிகேஎம்எஸ் வழியாக நிறுவினேன். ஓராண்டுக்கும் மேல் ஒரு தொல்லையும் இல்லை.

வினையே மின்ட் 22க்கு மாறியதில்தான் தொடங்கியது. மறுநாளிலிருந்து இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. மனைவியின் அலுவலகக் கூட்டம் பாதியில் உறைந்து நிற்கும். அவர் என்னைப் பார்க்கும் பார்வையில், வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பதே ஒரு குற்றம் என்பதுபோல் இருக்கும்.

முதலில் இணைய நிறுவனத்தைத் திட்டினேன். ஆள் வந்தார், மோடத்தை அணைத்துப் போட்டார், தன் கைபேசியில் வேகத்தைக் காட்டினார். "எங்கள் பக்கம் எல்லாம் சரி சார். லினக்ஸ் என்றால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது" என்று போய்விட்டார். எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் சொன்னது சரிதான். கைபேசியில் தடையில்லாமல் வருகிறது என்றால் குற்றம் ரவுட்டரில் இல்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு நாள் ஆனது.

அடுத்து டிரைவர். கர்னல் 6.2இலிருந்தே இந்த யுஎஸ்பி சிப்புகளுக்கு ஆர்டிடபிள்யூ88 என்ற உள் டிரைவர் கர்னலோடே வந்துவிட்டது. மின்ட் 22இல் இருப்பது கர்னல் 6.8. அதாவது எனக்கு வெளி டிரைவர் தேவையே இல்லை. தெரியாமல் வெளி டிரைவரின் புதிய பதிப்பையும் நிறுவியிருந்தேன். அதற்கு முன் சில நாள் பழைய வெளி டிரைவர், உள் டிரைவர் இரண்டுமே கணினியில் இருந்தன. ஒரு சாதனத்தை ஒரு டிரைவர்தான் பிடிக்க முடியும், கணினி எழும்போது எது முந்துகிறதோ அதற்குத்தான் அடாப்டர். ஒன்றுக்கான அமைப்பை நான் மாற்றி மாற்றிப் பார்க்க, வண்டியை ஓட்டியது இன்னொன்று. யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையோடு ஒரு கோடும் சின்ன 'டி'யும் சேர்த்து (lsusb -t) அடித்தால் எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று நேராகக் காட்டும். எதையும் மாற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

சரி, வெளி டிரைவரை நீக்கிவிடலாம் என்று இறக்கிய கோப்புறையை அழித்தேன். இது சுத்த முட்டாள்தனம். டிகேஎம்எஸ் தனக்கென்று ஒரு பிரதியை வேறிடத்தில் வைத்திருக்கிறது. அடுத்த கர்னல் புதுப்பிப்பில் அதை எடுத்து மறுபடி கட்டி உட்கார வைத்துவிட்டது. நீக்கும் ஸ்கிரிப்டோ நான் அழித்த கோப்புறைக்குள்ளேயே போய்விட்டது. டிகேஎம்எஸ்ஸுக்கே நீக்கக் கட்டளை கொடுத்து வேரோடு பிடுங்கியபின் கணினியை மீண்டும் எழுப்பினேன். வைஃபையே இல்லை! வெளி டிரைவரின் புதிய பதிப்பை நிறுவும்போது, உள் டிரைவரைத் தடுக்கும் ஒரு கோப்பை, டிரைவர்களை ஏற்றும் மோட்புரோப்பின் அமைப்புகளில் அது போட்டுவைத்திருந்தது. தன் வேலை முடிந்து போனபின்னும் வாசலைப் பூட்டிவிட்டுப் போனதுபோல. அந்தக் கோப்பையும் அழித்த பிறகுதான் உள் டிரைவர் எழுந்தது. இதையெல்லாம் தேடிப் படிக்க இணையம் வேண்டுமே. கைபேசியை யுஎஸ்பி கம்பியால் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் போட்டேன், எந்த டிரைவரும் கேட்காமல் வேலை செய்தது. டிரைவரில் கைவைக்கும் முன் அந்தக் கம்பியை எடுத்து மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் வைஃபை மின் சேமிப்பு அமைப்பில் 3 (சேமிப்பு உண்டு) என்று இருந்ததை 2 (சேமிப்பு இல்லை) ஆக்கினேன். சும்மா இருக்கும்போது அறுவது நின்றது. ஆனாலும் ஒரு மணிக்கு ஒருமுறை, இரண்டு மணிக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில்தான் கர்னல் தன் நிகழ்வுகளை எழுதும் டிமெஸ்க் பதிவை ஒழுங்காக, மேலிருந்து கீழ்வரை படித்தேன். ஒவ்வொரு முறையும் முதல் வரி 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்'. பக்கத்தில் சாதன எண். காலையில் 7 என்று இருந்தது மாலையில் 43. அடாப்டர் ஒவ்வொரு முறையும் கணினியிலிருந்தே கழன்று, புதிதாக மாட்டியதுபோல் புதிய எண் வாங்கிக்கொண்டிருந்தது. ரவுட்டர் உதறியிருந்தால் பதிவு வேறு மாதிரி இருக்கும், எண் ஏறாது. முதல் நாளே அந்த வரி அங்கே இருந்திருக்கிறது. நான்தான் அதைத் தாண்டி, கீழே வந்த டிரைவர் புலம்பல்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம், அடாப்டரைக் கணினியோடு இணைத்திருந்த நீட்டிப்பு கேபிள்மேல் விழுந்தது. கணினிப் பெட்டியை இடம் மாற்றி வைத்தபோது, பரணில் கிடந்த மூன்று மீட்டர் மெல்லிய கேபிளை மாட்டியிருந்தேன். அதுவும் மின்ட் 22 போட்ட அதே வாரம், அதனால்தான் பழி முழுக்க டிரைவருக்குப் போனது. கேபிளை எடுத்துவிட்டு அடாப்டரை நேராகப் பின்பக்கம் செருகினேன். எண் ஏறவில்லை, ஆனால் சிக்னல் செத்துவிட்டது. இரும்புப் பெட்டிக்குப் பின்னால், யுஎஸ்பி 3 வன்வட்டுக்குப் பக்கத்தில் மாட்டினால் வேறென்ன நடக்கும்? யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012லேயே எழுதி வைத்திருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதில் பாதி மீண்டது.

நல்ல கேபிள் வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன், ஞாயிற்றுக்கிழமை. அண்ணா சாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து போனால் ஷட்டர் ஷட்டராக இறக்கிக் கிடக்கிறது. சென்னையில் இத்தனை ஆண்டு இருந்தும் ஞாயிறு விடுமுறை என்பது மறந்துபோனது. திங்களன்று அலுவலகம் முடிந்து மறுபடி போனேன்.

"புது அடாப்டரே வாங்கிக்கொள்ளுங்கள் சார், இது எதற்கு?" என்றார் கடைக்காரர்.

"அடாப்டர் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணா. கேபிள்தான் கெட்டது. ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம், தடிப்பாகக் கொடுங்கள்."

ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் என்ன எண்ணோ இரவிலும் அதே எண். பழைய கேபிளை மறுபடி பரணில் வைக்கச் சொன்னார் மனைவி. நான் கத்தரியால் இரண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டேன். முழுதாகக் கிடந்தால் அடுத்த ஆண்டு நானே எடுத்து மாட்டுவேன்.