குப்பையைத் தெருவோரம் சேர்க்க இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை

சக்கரம் வைத்த பெரிய குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போய்த் தெருவோரம் வைப்பது கஷ்டமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே கிடைக்கிற பதில், "வேற நல்ல தொட்டியா வாங்கிடுங்க" என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலான வீடுகளில் தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அது நிற்கிற இடமும் அங்கிருந்து தெருவுக்குப் போகிற வழியும்தான் சரியில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். சமையல், துணி எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார், இந்த ஒரு வேலைக்கு மட்டும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது என்பது அவருக்கு எவ்வளவு வருத்தமாக இருந்தது என்று பார்த்திருக்கிறேன். கொஞ்சம் மெனக்கெட்டால் மாற்றிவிடக்கூடிய விஷயம் இது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வழியைப் பாருங்கள். தொட்டி நிற்கும் இடத்திலிருந்து தெரு வரை வெறுங்கையோடு, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்து போங்கள். நம் காலுக்குத் தட்டுப்படவே தட்டுப்படாத சின்ன விளிம்புகள், தூக்கி நிற்கும் ஒரு தளக்கல், கேட்டுக்கு அடியில் ஓடும் இரும்புப் பட்டை, இவைதான் சக்கரத்தை நிறுத்துகின்றன. சக்கரத் தொட்டிகளில் பெரும்பாலும் 20 செ.மீ. விட்டமுள்ள சக்கரம்தான் இருக்கும். அது 2 செ.மீ. உயர விளிம்பில் முட்டி நின்றுவிட்டால், அங்கிருந்து நேராக இழுத்து மேலே ஏற்றுவதற்கு, சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு இழுவை வேண்டும். அதாவது 40 கிலோ பாரம் என்றால் 30 கிலோவைத் தூக்குகிற பலம். விரலளவு உயரத்துக்கு இவ்வளவா என்று தோன்றும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. அதே விளிம்பை 30 செ.மீ. சக்கரம் ஏற 23 கிலோ போதும்.

பெரிய சக்கரம் நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் அந்த விளிம்பையே இல்லாமல் செய்வதுதான் முதல் வேலை. கொஞ்சம் சிமெண்ட் கலவையை அணைத்துப் பூசலாம், இல்லையென்றால் ஒரு மரத்துண்டைச் சாய்வாகச் சீவி வைக்கலாம். சக்கர நாற்காலிகளுக்கான சாய்தளத்தில் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், இங்கேயும் அதே அளவை எடுத்துக்கொண்டால் 2 செ.மீ. விளிம்புக்கு 24 செ.மீ. நீளமுள்ள சரிவு போதும். ஒரு சாண் நீளத்துக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். அந்தச் சரிவில் 50 கிலோ தொட்டியை ஏற்றும்போது புவியீர்ப்பை எதிர்த்து நாம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 4 கிலோவுக்குச் சற்று மேல்தான்.

சரளைக் கல் பரப்பிய வாசலில் கதை வேறு. சின்னச் சக்கரம் கல்லுக்குள் புதைந்துவிடும், இழுக்க இழுக்க முன்னால் கல்லைக் குவித்துக்கொண்டே போகும். அங்கே தொட்டி போகிற தடத்துக்கு மட்டும் தட்டையான கற்களை வரிசையாகப் பதித்துவிடுங்கள். 240 லிட்டர் தொட்டி சுமார் 58 செ.மீ. அகலம், எனவே தடம் 75 செ.மீ. இருந்தால் சிரமப்படாமல் திரும்பலாம்.

சரிவில் இறக்கும்போது ஒரு விஷயம், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஏறினாலும் இறங்கினாலும் சரிவின் மேல்பக்கம் நீங்கள் இருங்கள், கீழ்ப்பக்கம் தொட்டி இருக்கட்டும். ஏறும்போது முன்னால் நடந்து பின்னால் இழுங்கள், இறங்கும்போது தொட்டியை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் பிடித்துக்கொண்டே போங்கள். கை நழுவினால் தொட்டி ஓடும், ஓடட்டும், உங்கள் மேல் ஏறாது. கீழே ஆள் யாரும் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சக்கரத் தொட்டி 1968-இல் இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலைக்குள் கழிவை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தச் செய்த பொருள். தொழிற்சாலைத் தரை சமமாக இருக்கும். வீட்டு வாசல் அப்படியா இருக்கிறது?

அப்புறம் எடை. ஐரோப்பாவில் இந்தத் தொட்டிகளுக்கு இருக்கும் இ.என். 840 தரநிலை, 240 லிட்டர் தொட்டியில் 96 கிலோ வரை பாரம் ஏற்றலாம் என்கிறது. தொட்டி தாங்கும், இழுக்கிறவர் தாங்க வேண்டுமே. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்துக்கான நியாஷ் என்ற ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்கில், எல்லா வசதியும் சரியாக அமைந்த நிலையில்கூட இரண்டு கையால் தூக்கும் பாரத்துக்கு 23 கிலோதான் உச்சம். படிக்கட்டில் பையைத் தூக்கி இறங்குகிறவர்களுக்கு அதைவிடவும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். என் கருத்து, வயதானவர் தூக்கும் பை 5 கிலோவைத் தாண்டவே கூடாது.

சமையலறைக் குப்பையில் நாம் சுமப்பது பெரும்பாலும் தண்ணீரைத்தான். காய்கறி, பழத் தோலில் 80 முதல் 90 சதவீதம் நீர். கழுவிய காயின் தண்ணீரும் மிச்சமான குழம்பும் சேர்ந்துவிட்டால் பை கனத்துப்போய், அடி கிழிந்து, வழியெல்லாம் சொட்டும். ஒரு பழைய வடிகட்டியில் போட்டு இரவு முழுக்க வடியவிட்டு மறுநாள் பையில் கட்டினாலே நல்ல வித்தியாசம் தெரிகிறது, நாற்றமும் குறைகிறது. மழையில் அட்டைப்பெட்டிகளைத் திறந்து போட்டுவிடாதீர்கள். நனைந்த அட்டை கனக்கும் என்பது ஒரு பக்கம், மறுசுழற்சிக்கு அதன் மதிப்பும் குறைந்துவிடும்.

கண்ணாடிதான் ஏமாற்றும். 750 மி.லி. பாட்டில் காலியாகவே அரைக் கிலோவை ஒட்டி வரும், அலுமினிய கேனோ 15 கிராம்கூட இருக்காது. இரண்டு தொட்டியும் பாதி நிறைந்த மாதிரிதான் தெரியும், இழுத்துப் பார்த்தால்தான் தெரியும் எது எது என்று. ஆனால் கழுவிக் காயவைத்த கண்ணாடி கெட்டுப்போகாது, நாறாது, அவசரமே இல்லை. ஒவ்வொரு முறையும் நாலைந்தாகப் போடுங்கள். மக்கும் குப்பை மட்டும்தான் ஒவ்வொரு முறையும் கட்டாயம் வெளியே போயாக வேண்டும், மற்றதைப் பிரித்து அனுப்பும் உரிமை நம் கையில் இருக்கிறது. எதையும் சக்கரம் இருக்கும் பக்கமாக, அடியில் கனமானதை வைத்து அடுக்கினால் சாய்க்கும்போது பாரம் கையில் விழாமல் அச்சின் மேல் நிற்கும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: பெரிய தொட்டியை வீட்டுப் பின்பக்கத்தில் வைக்காதீர்கள். பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்தால் தினமும் நாலடி நடந்தால் போதும், உண்மைதான், ஆனால் அந்த வசதிக்கான விலையை வாரம் ஒருநாள் மொத்தமாக, நிறைந்த தொட்டியோடு, பெரும்பாலும் இருட்டில் கொடுக்கிறோம். தொட்டியை வாசல் கேட்டுக்கு உட்பக்கம் வைத்துவிட்டுத் தினமும் ஒரு சின்னப் பையைக் கொண்டுபோய்ப் போடுவது எவ்வளவோ லேசு. பல ஊர்களில் குப்பை எடுக்காத நாளில் தெருவோரம் தொட்டி நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அதனால்தான் கேட்டுக்கு உள்ளே என்கிறேன். பார்க்க நன்றாக இல்லையென்றால் ஒரு தட்டியோ செடியோ வைத்து மறைத்துக்கொள்ளலாம். அம்மா இப்போது காலையில் பூப்பறிக்கப் போகும்போதே பையையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

சின்னச் சின்ன வேலைகளும் உண்டு. வீட்டுக்குள் வைக்கும் வாளியிலிருந்து பையை இழுத்தால் உறிஞ்சியதுபோல் ஒட்டிக்கொண்டு வராதே, அது அடியில் காற்று புக வழியில்லாததால். வாளியின் பக்கவாட்டில், அடியிலிருந்து கொஞ்சம் மேலே, நாலு சின்ன ஓட்டை போட்டால் பை சுலபமாக வந்துவிடும் (காய்ந்த குப்பை வாளிக்கு மட்டும், ஈரக் குப்பைக்கு வேண்டாம்). சக்கரம் கிறீச்சிட்டால் அச்சைத் துடைத்துச் சிலிகான் தெளிப்பு அடியுங்கள், எண்ணெய் விட்டால் மண்ணைப் பிடித்துக்கொண்டு இன்னும் இறுகும். தொட்டியைச் சாய்க்கும்போது முதுகை வளைக்காமல் ஒரு காலை அச்சில் ஊன்றிக் கைப்பிடியை உங்கள் பக்கம் இழுங்கள். இரண்டு தொட்டியை ஒன்றாகக் கோத்து இழுக்கும் கொக்கிகள் விற்கிறார்கள், முழுக்கச் சமமான தரை இருந்தால் தவிர அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு நடை நடப்பது மேல்.

தெருவோரம் வைத்த பிறகு அதைத் தூக்குகிறவர்களின் முதுகும் முதுகுதான். மூடி மூடும் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள், உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி மேலே எழுதிவையுங்கள், கைப்பிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எடுக்க வருகிறவர்களையே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் முடியவில்லை என்றால், வயது, அறுவை சிகிச்சை, கர்ப்பம், எதுவாக இருந்தாலும், உள்ளூர் நிர்வாகத்திடம் கேளுங்கள். வாசலுக்கே வந்து தொட்டியை எடுத்துக் காலிசெய்து திரும்ப வைத்துவிட்டுப் போகும் ஏற்பாடு உலகில் பல இடங்களில் இருக்கிறது. கேட்காதவர்களுக்கு அது இருப்பதே தெரிவதில்லை. சில இடங்களில் மருத்துவர் கடிதம் கேட்பார்கள், சில இடங்களில் ஒரு போன் போதும்.